டப்பாவில் எழுதியிருந்த எண்

பிரபு,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. இந்த விஷயத்தைப் போனில் எடுத்தபோதெல்லாம் நீ, "விடு நைனா, அது முடிஞ்சுபோன கதை" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் படிக்கட்டும் என்று உனக்குத் தோன்றினால் கொடு, எனக்கு ஆட்சேபணை இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உன்னை அடித்தேன். உன் இடது காது போனது. அது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு நடந்ததில் எனக்கு மட்டுமே தெரிந்த ஒரு பகுதி இருக்கிறது. "நைனாவுக்குக் கம்ப்யூட்டர் விஷயம் புரியலம்மா, புரியாம வாங்கிட்டாரு" என்று நீ பிறகு உன் அம்மாவிடம் எனக்காகப் பரிந்து பேசினாய். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு அதை நான் கேட்டேன். எனக்குப் புரிந்தது, பிரபு. நன்றாகப் புரிந்துதான் வாங்கினேன்.

என் வேலை எப்படிப்பட்டது என்று உனக்கு முழுதாக ஒருநாளும் சொன்னதில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் உருக்காலைக்குள் பழைய இரும்பு ஏற்றி வருகிற ஒவ்வொரு லாரியும் முதலில் என் முன்னால்தான் நிற்கும். மேலே ஏறிப் பார்த்து, கம்பியால் குத்திப் பார்த்து, இது நல்ல சரக்கு, இது துருப்பிடித்த தகரம், இது வேண்டாம், திருப்பி அனுப்பு என்று நான் சொல்ல வேண்டும். இருபத்தோரு வருடம் அந்த வேலை. நீ ஆறாவது படிக்கும்போது, மூடி இறுகிய ஒரு சிலிண்டர் என் கண்ணுக்குத் தப்பி உலைக்குள் போனது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருந்திருக்கிறது. வெடித்தபோது உருகிய இரும்பு கூரைவரைக்கும் எழும்பிக் கீழே கொட்டியது. உலைப் பக்கம் நின்றிருந்த மனிதரின் சட்டை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் உள்ளங்கையில் அவருடைய தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன். சரக்கில் ஏதாவது மறைத்துக் கொண்டுவருகிறவர்களைக் கண்டால் கை தானாக எழும்பும். யார்டில் காந்தக் கிரேன் ஓட்டுகிற கோதண்டன் எனக்குத் துணை. ஒருமுறை எடை கூட்டுவதற்காக டிரம்களுக்குள் ஈரமண்ணை அடைத்து மேலே இரும்பைப் போட்டு ஒரு லாரி வந்தது. நானும் அவனும் டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு அடித்தோம். தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மண்ணை அடைத்தது அவனா, ஏற்றிவிட்டவர்களா என்று நாங்கள் கேட்கவே இல்லை. மறுநாள் கேன்டீனில் எங்களுக்கு ஒரு தோசை கூடுதலாக வைத்தார்கள். ஏமாற்றுக்காரனை அடிப்பது எங்கள் ஆலையில் கௌரவமான காரியம். அந்தக் கௌரவத்தோடுதான் நான் தினமும் ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

நீ பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படித்தபோது யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருந்தாய். அம்பத்தூரில் ஒரு டிசைன் கம்பெனியில், ஒரு கியர்பாக்ஸை முப்பரிமாணத்தில் வரைந்து கொண்டுவந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். உன் மெஷினில் அந்தப் படத்தைத் திருப்பினால் பாதியில் நின்றுவிடும். ஒரு பல்சக்கரம் திரும்புவதற்குள் உன் அம்மா ஒரு தோசை வார்த்துவிடுவாள். அதற்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றாய். மூன்று மாதம் பிரவுசிங் சென்டரிலும் லைப்ரரியிலும் உட்கார்ந்து விசாரித்தாய். பெரிய கார்டெல்லாம் நம்மால் முடியாது, இருப்பதிலேயே கீழ்மட்டத்துக் கார்டுகளில் எது நல்லது, எது வெறும் பெயருக்கு, என்று நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தாய். நீ அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம் நான் லாரியைப் பார்ப்பது போலவே இருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அந்தச் சனிக்கிழமை உனக்குப் பரீட்சை. நானே வாங்கி வருகிறேன் என்றேன். கார்டின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாய். கீழே ஒரு வரி எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாய்: "கடைக்காரர் கொடுப்பதை மட்டும் வாங்கவும். வேறு எதையும் பார்க்க வேண்டாம், நைனா." ஷிப்ட் முடிந்து கடைக்கு நடக்கும்போது அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உலைக்கு எது போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானிக்கிற என்னைப் பார்த்து, நான் பெற்ற பிள்ளை 'நீ பார்க்காதே' என்று எழுதியிருக்கிறான். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சுந்தரின் கடை, கும்மிடிப்பூண்டி பஜாரில் செருப்புக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒரே ஒரு ஷட்டர். அவனுக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. தாளைப் பார்த்ததும் சிரித்தான்.

"பிரபு நைனாவா நீங்க? எடுத்து வெச்சிக்கிறேண்ணே" என்று ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தான். அதில் மெமரி நூற்று இருபத்தெட்டு எம்.பி. என்று எழுதியிருந்தது. பக்கத்து அலமாரியில் அதைவிடப் பெரிய டப்பா ஒன்று. அதில் இருநூற்று ஐம்பத்தாறு என்று கொட்டை எழுத்து. எடுத்துக் காட்டச் சொன்னேன். கையில் வைத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது. தடித்த அலுமினியத் தகடு, மேலே பெரிய மின்விசிறி.

"இது ரெண்டு மடங்கு இல்ல?" என்றேன்.

"இல்லண்ணே. இங்க பாருங்க, நம்பருக்கு மேல பொடி எழுத்துல 'வரைக்கும்'னு போட்டுக்கிறான். கார்டுல சொந்தமா இருக்கிறது அறுவத்தி நாலு தான். மீதிய கம்ப்யூட்டர்ல இருக்கிற மெமரிலருந்து எடுத்துக்கினு கணக்கு காட்டுவான். உங்க பையன் மெஷின்ல இருக்கிறதே கொஞ்சம். அதையும் இது புடுங்கிச்சின்னா மெஷின் படுத்துடும். இன்னொண்ணு, மெமரி எவ்ளோ இருந்தா இன்னாண்ணே, அது வந்து போற வழி அகலமா இருக்கணும். இதுல வழி பாதி தான். பையன் எழுதினது தான் கரெக்டு. வெலையும் கம்மி."

இதைவிடத் தெளிவாக ஒருவன் சொல்ல முடியாது. எனக்கு அந்த நிமிடமே மண் அடைத்த டிரம் ஞாபகத்துக்கு வந்தது. வெளியே கனம், உள்ளே மண். என் தொழிலில் நான் தினமும் பிடிக்கிற அதே திருட்டு. வேறொருவன் அதைக் கொண்டுவந்திருந்தால் அடித்திருப்பேன். ஆனாலும் என் வாய், "அதையே குடு" என்றது. "அண்ணே..." என்று அவன் இழுத்தான். "குடுறான்னா" என்று அதட்டினேன். பொருளை எடை போட வேண்டிய இடத்தில், சொன்னது யார் என்று நான் எடை போட்டேன். நேற்றுவரை என் தோளில் உட்கார்ந்து ரயில் பார்த்தவனும், பஜாரில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருப்பவனும் சேர்ந்து எனக்குப் பாடம் எடுப்பதா? அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. கோதண்டன் நம் வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நீ டப்பாவைக் கையில் வாங்கியதும் உன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"இது நான் எழுதுனது இல்ல நைனா."

"அதவிட பெருசுடா. எரநூத்தி அம்பத்தாறு."

"அது டப்பாவுல மட்டும் தான் நைனா" என்று நீ மெதுவாகத்தான் சொன்னாய். கோதண்டன் காதில் விழுந்துவிட்டது. அவன் சிரித்தான். "இன்னாபா, ஊரு லாரிய எல்லாம் புடிக்கிறவன் நீயே ஏமாந்துட்டியா?"

நான் சொன்னேன்: "அந்தக் கடைக்காரன் பேமானிடா. தாளக் காட்டுனேன், இத தலையில கட்டிட்டான்."

நீ தலையை நிமிர்த்தினாய். "சுந்தர் அண்ணன் அப்பிடிச் செய்ய மாட்டாரே நைனா. எடுத்து வெச்சிக்கிறேன்னு நேத்து கூட போன்ல சொன்னாரு."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

நீ டப்பாவைக் கீழே வைத்தாய். என் கண்ணைப் பார்த்தாய். திட்டியிருந்தாலோ எதிர்த்துப் பேசியிருந்தாலோ நானும் கத்திவிட்டு விட்டிருப்பேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நீ என்ன செய்திருந்தாலும் அடித்திருப்பேன். இரும்புத் தகடு புரட்டுகிற கை இது. முழு வீச்சில் விட்டேன். நீ பக்கவாட்டில் போய் மேசை முனையில் மோதி மானிட்டரோடு கீழே விழுந்தாய். எழுந்து உட்கார்ந்தபோது காதுக்குள்ளிருந்து ரத்தம் ஒரு கோடாகக் கழுத்துக்கு இறங்கியது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "பாவி, பாவி" என்று என் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். நான் உன்னைத் தூக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு உன்னோடு வரவும் இல்லை. "வாடா, அவன இன்னைக்கு உண்டு இல்லன்னு பண்ணிடலாம்" என்று கோதண்டன் என் கையைப் பிடித்து இழுத்தான். நான் அவன் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். வழியில் எங்கள் ஆலை ஆட்கள் இரண்டு பேர் இன்னொரு வண்டியில் சேர்ந்துகொண்டார்கள்.

கடையில் சுந்தர் என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாண்ணே, மாத்திக்கலாம்னு வந்தீங்களா?" என்றான். அதற்குள் கோதண்டன் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டான். "ஏழை உழைச்ச காசுடா" என்று ஒருவன் கன்னத்தில் அறைந்தான். இன்னொருவன் கீபோர்டை எடுத்து அவன் தலையில் அடித்தான். எழுத்துப் பொத்தான்கள் தெறித்து ரோடெல்லாம் உருண்டன. சுந்தர் கையை உயர்த்தித் தடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டான்:

"அண்ணே, நீங்களே சொல்லுங்கண்ணே. நான் சொன்னனா இல்லியா?"

மூன்று பேரும் நிறுத்தினார்கள். செருப்புக்கடைக்காரர், மருந்து வாங்க வந்தவர்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அத்தோடு முடிந்திருக்கும். அவன் இன்னொரு முறை வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அந்த வாயிலேயே குத்தினேன். அவன் பின்னால் சாய்ந்து ஷோகேஸ் மேல் விழுந்தான். கண்ணாடி உடைந்து வலது கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. அவன் இழுத்தான். இழுத்திருக்கக் கூடாது. ரத்தம் பீச்சி என் சட்டையில் அடித்தது. நான் குத்தியதைப் பார்த்ததும் கோதண்டன் மறுபடி உதைக்க ஆரம்பித்தான், ரத்தத்தைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அவனுக்கு நான் சொன்னதுதான் உண்மை.

அந்த நேரத்தில்தான், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், உங்கள் ஆட்டோ பஜாருக்குள் வந்தது. நீ காதில் துண்டை அழுத்திக்கொண்டு குதித்து ஓடி வந்து சுந்தர் மேல் குப்புறப் படுத்துவிட்டாய். கோதண்டனின் அடுத்த உதை உன் விலாவில் விழுந்தது. "போதும், மாமா" என்றாய். அது மட்டும்தான் சொன்னாய். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து, துண்டை அவன் கையில் சுற்றி, அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாய். உன் காது திறந்தபடி ஒழுகிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். என்னை ஸ்டேஷனில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். லத்தியால் பாதத்தில் அடித்தார்கள். ஆலைத் தொழிற்சங்கத்து ஆட்கள் வந்து பேசிச் சமாதானமாக முடித்தார்கள். ஏமாற்றப்பட்ட தொழிலாளி கோபத்தில் கை நீட்டிவிட்டான் என்று பஜார் முழுக்கப் பேசிக்கொண்டது. சுந்தர் கடைக்கு ஆள் வருவது நின்றது. அவன் வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாது. நீ பாலிடெக்னிக் படிப்பு முடிந்ததும் நேராக அவன் கடைக்குப் போய், அவன் சொல்லச் சொல்ல மெஷின்களைப் பிரித்துச் சேர்த்தாய். ஒரு வருடம். அந்தக் கார்டை மாற்றித் தரச் சொல்லி நீ அவனிடம் கேட்கவே இல்லை. அதையே மாட்டிக்கொண்டு, படத்தை முதலில் வெறும் கோடாக வரைந்து, நின்று போகும்போதெல்லாம் காத்திருந்து, அந்தக் கியர்பாக்ஸை முடித்தாய். மின்விசிறி கிர்ரென்று சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்கும். மெஷின் உனக்கு இடது பக்கம் இருந்தது. உனக்குக் கேட்டிருக்காது.

நீ வேலைக்காகப் பெங்களூருக்குப் போன பிறகு என் கண்ணில் புரை விழுந்து யார்டிலிருந்து என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்தபடி யோசிக்க நிறைய நேரம். யோசித்து ஒன்றும் ஆகவில்லை. போன வியாழக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சுந்தர் கடைக்குப் போனேன். நான்கு வருடத்தில் முதல் தடவை. அவன் இடது கையால் எதையோ திருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"அன்னிக்கி நீ சொன்னது எனக்கு நல்லா புரிஞ்சுதுபா. புரிஞ்சுதான் செஞ்சேன்" என்றேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்ணே" என்றான். கொஞ்ச நேரம் திருகினான். "உங்ககூட மூணு பேரு வந்தாங்களே, அவுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அத எங்கிட்ட எதுக்குண்ணே வந்து சொல்லிக்கினு கீறீங்க?"

பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவன் கேட்டது சரி. எனக்குத் தெரியும் என்று அவனுக்கே தெரிந்திருக்கும்போது, அவனிடம் போய்ச் சொல்வது என் பாரத்தை இறக்கி வைக்கிற காரியம்தான். யாரிடம் அவன் பேரை நான் கெடுத்தேனோ அவர்களிடம் போக எனக்குத் தைரியம் இல்லை. அது வர இரண்டு நாள் ஆனது. சனிக்கிழமை இரண்டு மணி ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஆலை கேட்டுக்கு வெளியே நின்றேன். மூன்று பேரையும் கூப்பிட்டேன். மற்றவர்களும் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டேன். டப்பாவில் இருந்த எண்ணிலிருந்து சுந்தர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நல்ல கார்டைத்தான் எடுத்துக் கொடுத்தான், நான்தான் வம்புக்கு மற்றதை வாங்கினேன், உங்களிடம் பொய் சொல்லிக் கூட்டிப் போனேன் என்றேன்.

கோதண்டன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். "நாலு வருசமா அந்தாள ரோட்ல பாத்தா காறித் துப்பிக்கினு போறேன்டா. எம் பொண்ணு கம்ப்யூட்டர் கேட்டுச்சு, திருடன் கடைக்குப் போவாதன்னு மெட்ராஸ்ல வாங்கிக் குடுத்தேன். என்னையே ஒரு நல்லவன் கைய ஒடைக்க வெச்சியேடா" என்றான். அப்புறம் அடித்தான். நான் கையை உயர்த்தவில்லை. முதல் அடியில் முன்பல் ஒன்று போனது. இரண்டாவதில் ஜல்லியில் விழுந்தேன். மூன்றாவது அடி விழவில்லை. அவன் அப்படியே என் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அழுதான். மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் போய்விட்டார்கள். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீ என்னைப் போல இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வீட்டில் உன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லாமல் போகிற நாள் உனக்கும் வரும். பெண்டாட்டி சொல்வது சரி என்று உள்ளே தெரியும், வாய் ஒத்துக்கொள்ளாது. அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லு, பிரபு. எனக்குக் கிடைத்தது போல ஒரே ஒரு வார்த்தைக்கான நேரம் உனக்கும் கிடைக்கும். அதை விட்டுவிட்டால் பின்னாலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் உன் கையை மீறிப் போகும்.

நேற்றுக் காலையில் கோதண்டன் சுந்தர் கடைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கப்போவதும் இல்லை. அம்மாவும் நானும் முந்தின நாளே திருநின்றவூர் மண்டபத்துக்கு வந்துவிடுவோம். அதற்குள் என் முகத்தின் வீக்கம் வடிந்திருக்கும். பல் இருந்த இடம் எப்படியும் தெரியும். மேடையில் உன் மாமனார் கேட்பார். வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொல்லிவிடாதே. என்னைக் கேட்கச் சொல். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நைனா